ஒரு கைப்பிடி உப்பு

மாப்பிள்ளை தொட்டிக் கண்ணாடியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்த்துவிட்டு ஒரு சுற்று வரும், மறுபடி அதே இடத்தில் தேய்க்கும். மாப்பிள்ளை என்பது மீன். நீலமும் சிவப்புமாக நீண்ட துடுப்புகளை விரித்துக்கொண்டு, ஊரே தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறது என்ற நினைப்பில் திரியும் பெட்டா மீன். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் அப்படிப் பெயர் வைத்தார். இப்போது மிடுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. துடுப்புகள் நனைந்த குடை மாதிரி உடம்போடு ஒட்டிக் கிடந்தன.

"அதுக்கும் அரிக்குதாம்மா?" என்று கேட்டாள் மகள். ஏழு வயது. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, கதவு நிலையில் கழுத்தைத் தேய்த்தபடி நின்றாள்.

"தேய்க்காதடி, புண்ணாயிடும்" என்றாள் அம்மா, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. சாயங்காலம் ஒரு கோட்டு கொடுத்தாக வேண்டும். ஒரு கை இன்னும் வைக்கவில்லை. இதில் மீனுக்கு வைத்தியம் வேறு.

ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. மீன் வாங்கிய கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"லைட்டை அணைச்சுட்டு, மேலேருந்து டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பாருங்க மேடம். தங்கத்தூள் மாதிரி மின்னுதா?"

ஜன்னலைச் சாத்தி டார்ச் அடித்தாள். மாப்பிள்ளையின் கழுத்திலிருந்து வால் வரைக்கும் பொன்துகள் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. நோய் என்று தெரியாவிட்டால் அழகு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

"மின்னுது."

"அப்ப அது ஒட்டுண்ணி. வெளிச்சத்துல வளரும். தொட்டியச் சுத்திக் கறுப்புத் துணி போட்டு மூடுங்க. சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. உப்பை அளந்து, கரைச்சு, மெல்ல ஊத்துங்க. கல்லா அள்ளிப் போட்டுடாதீங்க. மேல பட்டா உடம்பு வெந்துடும்."

"சரி சரி" என்று வைத்துவிட்டாள்.

கோட்டுக்கு வாங்கிய கறுப்பு லைனிங்கில் மீந்த துண்டை எடுத்து ஓரம் அடித்தாள். மிஷினில் வெள்ளை நூல் இருந்தது. மாற்றச் சோம்பல். மூலையில் தையல் தவறி, நூல் வளையமாகத் தொங்கியது. மீனுக்குத்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே தொட்டியின் மேல் போர்த்தினாள். தொட்டிக்குள் இருந்த சூடேற்றும் குழாயின் திருகைத் திருப்பினாள்.

"செத்துடுமாம்மா?"

"சாகாது. கொஞ்சம் உப்பு போட்டா சரியாயிடும்."

துணி விஷயத்தில் நூலிழை தப்பாமல் அளப்பவள் அவள். உப்பு விஷயத்தில் கைதான் கணக்கு. குழம்புக்குப் போடுகிற அதே கை. துணியைத் தூக்கி, கல் உப்பில் ஒரு கைப்பிடியை அள்ளித் தண்ணீரில் விட்டாள். சடாரென்று ஒரு துள்ளல். கண்ணாடியில் எதுவோ மோதியது. அவள் துணியை இறக்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். கோட்டுக்குக் கை வைக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம்தான் வெக்கை ஏறியது. முதலில் முதுகில், பிறகு முழங்கையின் மடிப்பில், கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ எங்கோ ஒரு திருகைத் திருப்புவது போல, அடுப்பும் எரியாத அறையில் சுவரெல்லாம் வியர்த்து, தைத்துக்கொண்டிருந்த துணியே கையில் ஈரமாக ஒட்டியது. உதட்டை நக்கினாள். கரித்தது. வியர்வையாக இருக்கும் என்று நினைத்தாள். தெருவில் எப்போதும் கேட்கிற வண்டிச் சத்தம் நின்றிருந்தது. அதற்குப் பதில், தொட்டி மோட்டாரின் முனகல், ஆனால் தொட்டியிலிருந்து வரவில்லை, சுவருக்கு வெளியே நாலு பக்கமிருந்தும் வந்தது.

மழை மூட்டம்போல வெளிச்சம் மங்கிற்று. ஊசித்துளை தெரியவில்லை. விளக்கைப் போட்டாள். ஜன்னல் கறுப்பாக இருந்தது. பட்டப்பகலில் கறுப்பு.

எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தாள். கதவு திறந்தது. தெரு இல்லை. வாசற்படி முடிகிற இடத்தில் வழவழவென்று, மேலே எவ்வளவு தூரம் போகிறதென்று தெரியாமல், கண்ணாடி. கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவளுடைய உள்ளங்கை அச்சு அதில் பதிந்து, மெல்ல மங்கியது. தட்டினாள். கத்தினாள். சத்தம் வெளியே போகாமல் அவள் காதுக்கே திரும்பி வந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். போனுக்குள்ளும் அதே முனகல்.

கண்ணாடிக்கு அப்பால் கறுப்பாக இருந்தது இருட்டு அல்ல. நெசவு. கயிறு கயிறாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடிய இழைகள். ஆயிரம் முறை கத்தரி ஓட்டிய கண்ணுக்குத் துணி தெரியாதா? அண்ணாந்து பார்த்தாள். உயரத்தில், மூலையில், ஆள் கை தடிமனில் வெள்ளை நூல். ஒழுங்கில்லாத ஓரத் தையல். தவறிய இடத்தில் பெரிய வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தன் தையல் தனக்குத் தெரியும்.

"அம்மா, மூச்சு முட்டுது."

மகள் கதவு நிலையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். வாயை அண்ணாந்து திறந்து, மூடி, திறந்து. அவள் ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைத்தாள். பிள்ளையின் இரண்டு கையும் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. விரித்துவிடப் பார்த்தாள். விரியவில்லை.

அப்போது துணி தூக்கப்பட்டது.

வெளிச்சம். சாய்வாக. கூரையே கண்ணாடியாகிவிட்டது போல, மேலேயிருந்து முன்னறைக்குள் விழுந்தது. பிள்ளையின் கழுத்தில் பொன்துகள். தோளில். இமையில். அவளுடைய கையிலும்.

"செத்துடுமாம்மா?"

மேலேயிருந்து வந்தது அந்தக் குரல். மகளின் குரல். அணைப்பில் இருந்தவளோ பேசவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

அவள் தாவிப்போய்த் தன் தொட்டியின் துணியை உருவினாள். மாப்பிள்ளை ஒருக்களித்து மிதந்தது. உப்புக்கல் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து, வெள்ளையாக உரிந்து, நூல் நூலாகத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றாள் மேலே பார்த்து. "அளந்து போடு. கரைச்சு ஊத்து. கேக்குதா?"

"சாகாது" என்றது மேலே, அவளுடைய குரல். அவசரத்தில் இருந்தது. "கொஞ்சம் உப்பு போட்டா சரியாயிடும்."

பிள்ளையைக் கீழே கிடத்தி, அதன்மேல் கவிழ்ந்து படுத்தாள். முதுகை முடிந்தமட்டும் விரித்தாள். போதவில்லை. பிள்ளையின் கால்கள் வெளியே தெரிந்தன.

தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வந்தது கை. ஆள்காட்டி விரலில், அவளுக்கு இருப்பது போலவே, ஊசி குத்திக் காய்த்த தழும்பு. மூடிய பிடியின் இடுக்கில் வெள்ளை வெள்ளையாக, ஆளளவு கற்கள்.

பிடி நிறைய இருந்தது. விரல்கள் விரிந்தன.