பன்னிரண்டாம் தளத்துக்கான அச்சச்சான்று

“நீங்க வந்து இதுக்குக் கீழ நில்லுங்க சார்.”

பவளக்கொடி சொல்லி முடித்ததும் பன்னிரண்டாம் தளத்தில் சத்தம் அடங்கியது. கம்பி வெட்டிக்கொண்டிருந்தவர்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவைத்திருந்தார்கள். லீவு கேள், சண்டை போடு, போய் யாரிடம் வேண்டுமானாலும் புகார் கொடு. மேலே இருப்பவர்களை மட்டும் கூரைக்குக் கீழே வந்து நிற்கச் சொல்லாதே. அப்படிக் கேட்டவர்கள் யாரும் அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் இருந்ததில்லை.

திட்ட மேலாளர் ஜெபராஜ் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சிரிக்கலாமா, கோபப்படலாமா என்று அவருக்கே பிடிபடவில்லை போலிருந்தது.

“ஏ பிள்ள, நீதான் நின்னு முடிச்சிட்டியே. பத்தொன்பதுன்னுல்லா காட்டுது. பச்சை எரியுது பாரு. பிறகு என்ன?”

அவள் மணிக்கட்டில் இருந்த அச்சமானியில் 19 என்ற எண் மின்னிக்கொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டியிருந்தால் சிவப்பு. தாண்டவில்லை. தளத்தின் முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. அதன் பொருள், கான்கிரீட்டுக்கு அடியில் கட்டிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கலாம், கூரையைத் தாங்கி நிற்கும் ஜாக்கிகளைத் தட்டி எடுக்கலாம் என்பது. மேஸ்திரி கோதண்டமும் அவருடைய ஏழு ஆட்களும் சுத்தியலோடு காத்திருந்தார்கள். மூன்று மணிக்கு அவர்கள் உள்ளே போக வேண்டும்.

அச்சமானி வந்த கதை எல்லாருக்கும் தெரியும். பதினைந்து வருடங்களுக்கு முன், இடிந்துபோன ஏழு கட்டடங்களின் காகிதங்களைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். எல்லாக் காகிதமும் சுத்தம், எல்லாக் கையெழுத்தும் சரி. அங்கே வேலை பார்த்த பொறியாளர்களின் கைக்கடிகாரத்தில் பதிவாகியிருந்த நாடித்துடிப்பும் வியர்வையும்தான் வேறு சேதி சொன்னன. இடிவதற்குப் பல நாட்களுக்கு முன்பே அந்தக் கூரைக்குக் கீழே போகும்போதெல்லாம் அவர்களுக்கு வியர்த்திருக்கிறது. ஜாக்கியின் சாய்வையும் சுத்தியலின் ஓசையையும் காரையின் நிறத்தையும் மனம் கவனிக்கும் முன்பே உடம்பு கவனித்திருக்கிறது. காகிதம் பொய் சொல்லும், வியர்வை சொல்லாது என்று சட்டம் போட்டார்கள். பொறுப்புப் பொறியாளர் ஒன்பது நிமிடம் கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். அவர் பயப்படாவிட்டால் சான்று.

முதலில் நல்லபடியாகத்தான் நடந்தது. பிறகு கான்கிரீட்டைக் கட்டியாக வார்த்து, ஊறவைத்து, நசுக்கிப் பார்க்கும் கியூப் சோதனையை நிறுத்தினார்கள். பயமே சொல்லிவிடும்போது அது எதற்கு? ஜாக்கி எண்ணுகிற ஆளை நிறுத்தினார்கள். கடைசியில் மிஞ்சியது அந்த ஒன்பது நிமிடம்தான். அதற்குப் பிறகு கம்பெனிகள் அந்த ஒன்பது நிமிடத்தைப் பார்த்துக்கொண்டன.

பவளக்கொடி முதல் பட்டதாரிச் சான்றிதழைக் காட்டிப் படித்தவள். நேர்முகத் தேர்வில் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலைக்கு மேல் மூன்று டன் கல்லைக் கட்டி ஆட்டினார்கள். பிறகு ஆறு வாரம் அமைதிப் பயிற்சி. கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு கதவு இருக்கிறது, அதை எப்படிச் சாத்துவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவள்தான் முதலிடம். அந்தப் பெருமையை ஊருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

இன்று நான்காவது நிமிடத்தில் அவள் வண்டிச் சாவியால் பீமைக் கீறிப் பார்த்தாள். மாவாகக் கொட்டியது. கோதண்டத்திடம் சுத்தியல் வாங்கித் தட்டினாள். கணீரென்று வர வேண்டிய சத்தம் சொத்தென்று வந்தது. இது நிற்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

உள்ளங்கை காய்ந்துதான் இருந்தது. நாடி எழுபதில் ஓடியது. கையை அடுப்புக்குள் விட்டும் சுடாதவளைப் போல நின்றாள். எட்டுப் பேர் சாகப்போகிறார்கள் என்று நினைத்தாள். அவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொண்டை கிழியக் கத்த வேண்டும் போலிருந்தது. மணிக்கட்டில் 19. ஐந்து நிமிடம் தன்னைத்தானே பயமுறுத்திப் பார்த்தாள். செத்துப்போன தன் தம்பியைக்கூட நினைத்தாள். ஒரு எண்கூட ஏறவில்லை. திறக்கச் சொல்லித் தராத கதவு அது.

“தண்ணி ஊத்துனதை நானும் பார்த்தேன் சார்” என்றாள். “கலவை லாரி மூணு மணி நேரம் டிராஃபிக்ல நின்னு இறுகிப் போயி வந்துச்சு. திருப்பி அனுப்பாம டிரம்முக்குள்ள தண்ணிக் குழாயை விட்டு இளக்குனாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் தொறக்கல. எப்படியும் மானி காட்டிக் குடுத்துரும்னு நெனச்சேன்.”

“எல்லாரும்தான் அப்படி நெனைக்கோம்.”

“அப்ப வந்து நில்லுங்க.”

“எனக்கு என்னத்துக்கு? பதிவு உன் பேர்ல.”

“சும்மா நில்லுங்க சார். ஒன்பது நிமிசம் வேணாம். ஒரு நிமிசம்.”

கோதண்டம் தொண்டையைச் செருமினார். “நில்லுங்க சார். நாங்க நாள் முழுக்க இதுக்கு அடியிலதான கெடக்குறோம்.”

எட்டுப் பேரின் கண்ணும் தன்மேல் இருப்பதை ஜெபராஜ் பார்த்தார். வேறு வழியில்லாமல் மானியை வாங்கிக் கட்டிக்கொண்டார். மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்தார். 38. அண்ணாந்து பார்த்தார். 57. மூன்றாவது ஜாக்கி வரை நடந்தார். அதன் அடிக்கட்டை மரம் ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. அவர் அதைத் தொடக்கூட இல்லை. 83.

வெளியே வந்துவிட்டார். ஓடவில்லை, ஆனால் நடந்தார் என்றும் சொல்ல முடியாது. மானி கட்டிய கையை நீட்டினார். பவளக்கொடிதான் கழற்றினாள்.

“எனக்கு எப்பவுமே இப்படித்தான்” என்றார் தாழ்ந்த குரலில். “முதல் வருசமே எழுபது, எண்பதுன்னு காட்டும். ஒரு வேலையும் நகராது. அதனாலதான் என்னைய மேல தூக்கிப் போட்டாங்க. நம்ம தலைமை அலுவலகத்துல எவன் கையில வேணும்னாலும் கட்டிப் பாரு. பயப்படத் தெரிஞ்சவன் அத்தனை பேரும் அங்கதான் இருக்கான்.”

“பயப்படாதவங்களைக் கீழ நிறுத்திட்டீங்க.”

“நானா நிறுத்துனேன்? தொழில் நிறுத்துச்சு.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என் எண்ணுக்குச் சட்டத்துல மதிப்பு கிடையாது. உன் சான்று ஏறிட்டு. இவங்க போவலன்னா சாயந்திரம் வேற செட்டு வரும். உனக்கே தெரியும். வீணா உன் வேலையைக் கெடுத்துக்காத.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பச்சை எரியும்வரை யாராவது உள்ளே போவார்கள்.

“சார், அந்த விளக்கைப் பாருங்க.”

பச்சை இல்லை. அவர் உள்ளே நின்ற அந்த ஒரு நிமிடத்தில் பவளக்கொடி கைபேசியில் பதிவுத் துறப்பை அழுத்திவிட்டிருந்தாள். மூன்று முறை ‘உறுதியா?’ என்று கேட்டது. மூன்று முறையும் ஆம். ஒருமுறை துறந்தால் திரும்பக் கிடைக்காது. பொறியாளர் என்று இனி எங்கேயும் போட முடியாது. அவள் கொடுத்த சான்றுகள் எல்லாம் அந்த நொடியே செல்லாது.

“கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? எல்லாமுமா?” ஜெபராஜின் குரல் உடைந்தது. “நீ சான்று குடுத்த ரெண்டு டவர்ல ஆளு குடியிருக்கு, ஏட்டி! ரெண்டும் சேந்து இருபது தளம்!”

“தெரியும்.”

“அதெல்லாம் நல்லாக்கூட இருக்கலாம்லா?”

“இருக்கலாம். எனக்குத் தெரியாது சார். அங்கயும் எனக்குப் பயம் வரல, இங்கயும் வரல. எது நல்லது, எது இடியும்னு என்னால சொல்ல முடியாது. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு.”

“பயம்னு சொல்லுத. உன் கையில…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவர் கைபேசி அதிர்ந்தது. படித்தார். மறுபடி படித்தார். பொறுப்புப் பொறியாளர் துறந்தால், அதே திட்டத்தில் பதிவு பெற்ற அடுத்த பொறியாளர் எல்லாத் தளங்களிலும் மறுநிற்பு செய்து தர வேண்டும். முப்பத்திரண்டு கூரை. ஏழு நாள் அவகாசம். கீழே அவருடைய பெயர்.

சட்டம் எழுதியவர்கள் இந்த விதியையும் அன்றைக்கே எழுதித்தான் வைத்திருந்தார்கள். அதைத் தொட வேண்டிய நிலைமை இதுவரை எந்த மேலாளருக்கும் வந்ததில்லை.

தூரத்தில் இரண்டு டவர்களிலும் பால்கனிக் கதவுகள் திறக்க ஆரம்பித்தன. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பெண் அண்ணாந்து தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். எல்லாருக்கும் ஒரே செய்தி போயிருந்தது: ‘உங்கள் தளத்தின் அச்சச்சான்று நீக்கப்பட்டது. மறு அறிவிப்பு வரும்வரை நீங்களே அஞ்சிக்கொள்ளவும்.’

“எறங்குங்கண்ணே” என்றாள் பவளக்கொடி, கோதண்டத்திடம். “எல்லாரும் எறங்குங்க. சுத்தியல் கெடக்கட்டும்.”

“நாளைக்கு வேலை?”

“இங்க இல்ல.”

“நல்லா வேலை வாங்கிக் குடுத்த தாயி” என்று ஒருவர் முணுமுணுத்தார். இன்னொருவர் அவரை அதட்டினார். சான்று போனதும் லிஃப்டும் தானாக நின்றிருந்தது. எல்லாரும் படிக்கட்டை நோக்கி நடந்தார்கள்.

“பவளம்” என்று ஜெபராஜ் கூப்பிட்டார். அந்தப் பெயரில் அவர் கூப்பிட்டதே இல்லை. “இரும்மா. அந்தப் பயிற்சியில என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. அந்த மூச்சு விடுறது… எப்படி?”

அவள் மானியை அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

கீழே பதினொரு தளம். பதினொன்றின் கூரையும் அவள் நின்று பச்சை வாங்கிக் கொடுத்தவை. வெளியே போக வேறு வழி கிடையாது. ஆட்களை முன்னால் விட்டு, “சீக்கிரம், சீக்கிரம்” என்று விரட்டிக்கொண்டே, ஒவ்வொரு கூரைக்கு அடியிலும் அவள் கடந்துபோனாள். நெஞ்சு சீராகத்தான் துடித்தது. அதை அவள் துளியும் நம்பவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, கடைசி ஆளும் கேட்டைத் தாண்டிவிட்டதைப் பார்த்த பிறகு, தானும் தாண்டித் தெருவில் நடந்தாள்.