உண்ணி எடுக்கப் போனவன்

ஆண் நாய்க்கும் முலைக்காம்பு உண்டு என்பது அன்று படகுத்துறையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

கோடை வந்தால் எங்கள் ஸ்வீடன் தீவில் எல்லோர் சாவிக்கொத்திலும் உண்ணி எடுக்கும் கொக்கி தொங்கும். யாரோ ஒரு பெண்ணின் நாய் மல்லாந்து படுத்திருந்தது. வயிற்றில் கறுப்பாக ஏதோ... வீரத்தோடு கொக்கியை மாட்டித் திருகினேன். நாய் அலறிக்கொண்டு கடலில் குதித்தது.

அவள் திரும்பினாள். மழைக்கு முந்திய கடலின் நிறத்தில் கண்கள்...

"அது உண்ணி இல்லைங்க. அவன் உடம்பு."

"மன்னிச்சிடுங்க. நான் ஹால்வர்."

"நான் கேக்கலையே."

கேட்காமலே தெரிந்துகொண்டேன்: பெயர் இல்வா, ஸ்வீடனின் வடக்கத்திக்காரி, கோடைக்கு வீடு எடுத்திருக்கிறாள். அதன்பின் தினமும் துறையில் நின்றேன். வணக்கம் சொல்லி 'நலமா?' என்றால், வடக்கத்தி வழக்கப்படி 'ஆமாம்' என்பதற்கு மூச்சை மட்டும் உள்ளே இழுப்பாள். அதுவே எனக்கு அன்றைய சாப்பாடு.

ஜூலைக் கடைசியில் நாய் சிக்கே நொண்டியது.

"உங்களாலதான். அன்னிக்குக் குதிச்சதுல அடிபட்டிருக்கு."

"நேத்து இடது கால்ல நொண்டினான். இன்னிக்கு வலது. அடின்னா இடம் மாறுமா? உடம்பு வேற சுடுது... இது உண்ணிக் காய்ச்சல்."

"மறுபடியும் உண்ணியா? உங்ககிட்ட யோசனை கேட்டா என்னைத்தான் சொல்லணும்."

ஆனால் சிக்கே சோற்றைத் தொடவில்லை. சாயங்காலம் அவனைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றாள். கண்ணில் வீம்பு இல்லை, பயம்தான். என் படகில் அக்கரை போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "உண்ணிக் காய்ச்சல்தான். மாத்திரைக்குக் கேக்கும்" என்றார்.

மாத்திரைகள் தீர்ந்தன. கடைசிப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது சிக்கே என் சாண்ட்விச்சைத் திருடித் தின்றான். தூறல் விழுந்தது. அவள் திடீரென்று கேட்டாள்:

"சொந்தப் படகு வெச்சுக்கிட்டு எதுக்குத் தினம் பயணிகள் துறையில நின்னீங்க?"

மாட்டிக்கொண்டேன்.

"உங்களைப் பாக்கத்தான்... உங்களுக்கும் என்னைப் பிடிச்சிருக்கா?"

மூச்சை உள்ளே இழுத்தாள்.

"இது ஆமாவா, குளிரா? நான் தெற்கத்திக்காரன், வாயைத் திறந்து சொல்லுங்க."

சிரித்தாள். என் சாவிக்கொத்திலிருந்து கொக்கியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கு ஹால்வர். உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."