இடது பக்கம் ஒரு ஆள் குறையுது!

கண்ணாடிக் கேடயம் உடையவில்லை.

மண்டைதான் உடைந்திருந்தது!

மூன்றாவது மாடி வீட்டின் வரவேற்பறையில் 'வைரம் அண்ணன்' குப்புறக் கிடந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் வைர நிலையைத் தொட்ட நாளிலிருந்து பால்காரர்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

பக்கத்தில் கேடயம். 'ஆண்டின் சிறந்த தலைவர்' என்ற எழுத்துகளின் மேல் ரத்தம்...

"பதினோரு மணிக்குக் கடையிலேருந்து வந்தேன்... கதவு திறந்தே இருந்துச்சு..." மனைவியின் வார்த்தைகள் குழறின.

"கேடயத்தைத் தொட்டியா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தினமும் தொடறேன் சார். நான்தானே துடைக்கிறேன்!"

"அது போதும்."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். இன்னும் எல்லா ஃபைலையும் படிக்கிற வயது.

"எது போதும் சார்?"

"கைரேகை வரட்டும். உள்ள வச்சுடலாம்."

*

மறுநாள் காலை, அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு பிளம்பர் அகப்பட்டார்.

"மூஞ்சியைப் பார்க்கல மேடம். நேத்துப் படிக்கட்டு ஓரமா, பைப் போற பொந்துக்குள்ள தலையை விட்டிருந்தேன். மேலேருந்து ரெண்டு ஷூ இறங்கி வந்துச்சு. பளபளன்னு! பக்கத்துல நின்னுச்சு."

"நின்னு?"

"பேசுச்சு! 'தம்பி, மாசம் எவ்வளவு சம்பாதிக்கிறீங்க? சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஃப்ரீயா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேலை நேரத்துல பேச மாட்டேன்னேன். விடலை. நம்பராவது குடுன்னான். தொலையட்டும்னு குடுத்தேன்."

"அப்ப மணி என்ன?"

"பத்தே முக்கால். அப்பதான் தண்ணியை நிறுத்தினேன். நிறுத்தினா நேரம் எழுதி வச்சுடுவேன். இல்லேன்னா வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

பத்தே முக்கால்! மனைவி வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு!

"ஆனா மேடம்... கொலையைப் பண்ணிட்டு எவனாச்சும் ஆள் சேர்ப்பானா?"

"சேர்ப்பான். நீங்க எங்க இன்ஸ்பெக்டரைப் பார்த்ததில்ல."

*

அன்று மாலை கைரேகை அறிக்கை வந்தது. கேடயத்தில் மனைவியின் விரல்கள் மட்டும். கைது! மறுநாள் நாலு மணிக்குக் கோர்ட்.

லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"நாலரைக்குப் பாப்பா ஸ்கூல் விட்டு வருவா. இன்னிக்கு எதிர் வீட்டு அக்கா பார்த்துக்கிட்டாங்க... நாளைலேருந்து யாரும்மா கதவைத் திறப்பாங்க?"

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பினாள். பிளம்பரின் வாக்குமூலம் இருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் அறைக்கு ஓடினாள்.

மேஜையின் மேல் நெட்வொர்க் மார்க்கெட்டிங் சத்து மாவு டப்பாக்கள். அவற்றின் அடியில் வழக்குகள். இன்ஸ்பெக்டரின் காதில் இயர்போன்.

"சார், ஒரு சாட்சி..."

"உஷ்! மீட்டிங்! கையெழுத்து எங்கேம்மா?"

"படிச்சுட்டுப் போடுங்க சார்."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்!"

போட்டார். படிக்கவில்லை.

"நீயும் எத்தனை நாளைக்குத்தான் லத்தியோட அலைவே? என் கீழே சேரு. அப்புறம் வேலையே வேணாம். உட்கார்ந்த இடத்துக்கே மூணு வேளை சோறு வரும்!"

"எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு சார்."

"யோசி. சரியா நாற்பத்தெட்டு மணி நேரம் கழிச்சுக் கேப்பேன். முந்தினா மிரளுவாங்க. பிந்தினா மறந்துடுவாங்க!"

அவளுக்குள் ஏதோ 'க்ளிக்' என்றது.

"எல்லாக் கம்பெனியிலயும் இதே கணக்குதானா சார்?"

"எல்லாருக்கும் இதே பாடம்தான்!"

அப்படியானால்... நாளைக் காலை பத்தே முக்காலுக்கு பிளம்பரின் போன் அடிக்கும்!

*

மறுநாள். யாரோ ஒருவருடைய சமையலறை. தொட்டிக்கு அடியில் பிளம்பர் மல்லாந்து கிடந்தார்.

"வேலை நேரத்துல போனை எடுக்க மாட்டேன் மேடம்."

"இன்னிக்கு ஒரு நாள்ணே!"

"இருபது வருஷத்துல எடுத்ததில்ல. ஒரு கையில ஸ்பானர், ஒரு கையில போன்னு இருந்தா ரெண்டும் கசியும்."

பத்து நாற்பத்தைந்து.

போன் அலறியது!

புது நம்பர்.

"எடுங்கண்ணே!"

"இந்த ஒரு நட்டு..."

மூன்றாவது மணி... ஐந்தாவது... நின்றுவிட்டது!

"ஐயோ! ஒரு பொம்பளை ஜெயிலுக்குப் போறாண்ணே! உங்க நட்டுதான் பெரிசா?"

"பதறாதீங்க. அந்த ரகம் விடாது."

விடவில்லை. மறுபடி அடித்தது!

ஸ்பானர் கீழே வைக்கப்பட்டது. இருபது வருட விரதம் முடிந்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். தன் போனில் பதிவைத் தொடங்கினாள்.

"வணக்கம் தம்பி! முந்தாநாள் பேசினோமே... மூணாவது மாடியிலேருந்து இறங்கி வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

சப்-இன்ஸ்பெக்டர் போனருகே குனிந்தாள்.

இந்தக் குரல்... இன்று காலைகூட அவளைத் திட்டிய குரல்!

"எனக்குக் கீழே வலது பக்கம் ஆள் நிறைஞ்சாச்சு. இடது பக்கம் ஒரே ஒரு ஆள் குறையுது தம்பி! நீங்க இன்னிக்குச் சேர்ந்தா நான் வைரம்! நாளைக்கு நீங்களும் வைரம்! அப்புறம் உட்கார்ந்த இடத்துக்கே..."

"சார்."



"...யாரு?"

"நான்தான் சார். இந்தத் தம்பி யாருன்னு தெரியாமலா கூப்பிட்டீங்க? கொலை வழக்குல சாட்சி. வாக்குமூலம் ஃபைல்ல நாலாவது பக்கம். நேத்து நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க!"

*

மதியத்துக்குள் மேலதிகாரி வந்தார். இன்ஸ்பெக்டரின் பைக் பெட்டியில் ரத்தக் கறையுடன் கையுறைகள் கிடைத்தன.

"நான் ஆறு மாசம் அலைஞ்சு சேர்த்த ஆளை, அந்த வைரம் அவன் மச்சானுக்குக் கீழே மாத்திட்டான்!" இன்ஸ்பெக்டர் குமுறினார். "என் இடது பக்கமே காலி சார்! கேட்கப் போனேன். சிரிச்சான்..."

நாலரை மணிக்கு மூன்றாவது மாடியில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தது அம்மாதான்.

அதே நேரம் லாக்கப்பில், கைதுக் குறிப்பைக் கம்பிக்குள் நீட்டினாள் சப்-இன்ஸ்பெக்டர்.

"கையெழுத்து எங்கேம்மா?" பழக்க தோஷத்தில் பேனாவைத் திறந்தார் இன்ஸ்பெக்டர்.

"இதையாவது படிச்சுட்டுப் போடுங்க சார்... அவசரமே இல்ல. இனிமே உட்கார்ந்த இடத்துக்கே மூணு வேளை சோறு வரும்!"