மூலைக் கட்டில்

அரியலூர்ப் பக்கத்து அந்த ஆஸ்பத்திரிக்குச் சுகன்யா மேரி போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். நோய்த்தொற்றுத் தணிக்கை அவள் வேலை. அவள் தலையைக் கண்டதும் பிரசவ வார்டில் எல்லோரும் அடித்துப்பிடித்துக்கொண்டு கை கழுவினார்கள். எல்லா ஊரிலும் இதே கூத்துதான். அவளுக்கு அலுத்துவிட்டது.

இங்கே பச்சைக் குழந்தைகளுக்கு ஒன்று மாற்றி ஒன்றாகக் காய்ச்சல். யார் கை எங்கெல்லாம் போகிறது என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு பசை உண்டு. கட்டில் கம்பியில் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஊதா டார்ச் அடித்தால், தொட்டவர் கை பட்ட இடமெல்லாம் ஒளிரும். ஆளில்லாத மூலைக் கட்டிலில் மட்டும் தடவினாள். அதை யார் தொடப்போகிறார்கள், ஒரு வம்பும் இல்லாமல் வீட்டுக்கு ஏலாக்குறிச்சி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பு.

சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தாள். டெட்டால் நெடிக்கு அடியில் புளித்த பால் வாடை வந்தது.

டார்ச்சை அடித்தாள்.

மூலைக் கட்டிலிலிருந்து விரல் தடங்கள் கிளம்பியிருந்தன.

சுவர். அடுத்த கட்டில். தொட்டில்.

ஒவ்வொரு குழந்தையின் கன்னத்திலும் நான்கு விரல்கள்.

"மூலைக் கட்டில யாரு தொட்டது?"

நர்ஸ் வெற்றிச்செல்வி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "அங்க யாரும் போறதில்ல மேடம். சசிகலான்னு ஒரு பொண்ணு. பிள்ளை பெத்து, காய்ச்சல் கண்டு அந்தக் கட்டில்லயே செத்துப்போச்சு. நாங்க கை கழுவாம தொட்டதுதான்..." கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "இப்ப அது தொடுற பிள்ளைக்கெல்லாம் காய்ச்சல்."

"அதோட குழந்தை?"

"நல்லாருக்கு. ஏலாக்குறிச்சியில சித்தி வூட்டுல வளருது."

"அப்படியா? நானும் அந்த ஊருதான்."

வாய் தவறி வந்துவிட்டது.

மூலைக் கட்டில் கிறீச்சிட்டது. சுகன்யாவின் மணிக்கட்டு சில்லிட்டது. டார்ச்சைத் திருப்பினாள். நான்கு விரல் தடங்கள் சுற்றிப் பிடித்திருந்தன.

சோப்புப் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தும் தடம் போகவில்லை. தாய்மாரையும் பிள்ளைகளையும் வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினாள். வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. பஸ்ஸில் வழி நெடுகக் கூட்டம். ஆனாலும் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

ஏலாக்குறிச்சியில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். மணிக்கட்டில் ஒன்றுமில்லை.

"மாதாவே!" என்று மூச்சு விட்டாள்.

அப்புறம்தான் டார்ச் வெளிச்சத்தில் பஸ் நிறுத்தத்துச் சுவரைப் பார்த்தாள். தடங்கள் ஊருக்குள் போயிருந்தன.

சசிகலாவின் குழந்தை வளர்வது எந்த வீட்டில் என்று அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு, யாரோ தூக்கி வைத்துக்கொண்டதைப் போல, அழுகையை நிறுத்தியது.