சுத்தமான மூடி

காலிங்பெல்லை அழுத்திய விரல் அதைவிட்டு விலகவேயில்லை. சர்வேயர் கதவைத் திறந்த பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாசலில் நின்ற பெண்ணுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சர்வேயர்தான் அவள் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார்.

"விபத்து வண்டியப் பாத்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுவாங்களாமே, அது நீங்கதானே மேடம்?"

"ஆமாம்மா. உள்ள வாங்க."

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர் சர்வேயர். அவர் வேலையை விட்டார். வேலை அவரை விடவில்லை. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதற்கும் சேர்த்துப் பேச அவருடைய கணவரின் தம்பி அந்த வீட்டிலேயே இருந்தார். நாற்பதைத் தாண்டியும் நிதானம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர். வீட்டிலும் தெருவிலும் அவருக்கு அவசரம் என்றே பெயர். வந்தவள் நாற்காலியில் உட்காருவதற்குள், "கொலையா, திருட்டா?" என்று கேட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"தெரியல," என்றாள் அவள். "அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். என் தம்பி போன வாரம் செத்துட்டான்."

அவசரம் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"மலைப்பாதைல ஏறும்போது இன்ஜின் இறுகி நின்னுடுச்சு. இன்ஜின் நின்னதும் பிரேக்கும் சரியாப் பிடிக்கல. வண்டி பின்னாலயே உருண்டு பள்ளத்துல போயிடுச்சு. யாரோ வெச்சிருந்த பழைய வண்டிய இப்பத்தான் வாங்கினான். மொதல் தடவையா ஆயில் மாத்திக்கிட்டு அன்னிக்குத்தான் கெளம்பினான். மாத்திக் குடுத்தது என் வீட்டுக்காரர். அவர் மெக்கானிக்."

"சரி."

"'கெட்டியா ஊத்த வேண்டிய இன்ஜின்ல மெல்லிசு ஆயில ஊத்திட்டேன், கவனிக்கல, தப்பு என்னோடதுதான்'னு அவரே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டார். ஜாமீன்ல வெளிய விட்டிருக்காங்க. நாளைக்குக் கோர்ட்டு. அங்கயும் அதையேதான் சொல்லுவாராம். ஜெயில்தான்னு வக்கீல் கையை விரிச்சிட்டார்."

"நீங்க அத நம்பலியா?"

"நம்பினேன் மேடம். அதான் கொடுமையே. தம்பிய எடுக்கும்போது இவர் கிட்ட வரக்கூடாதுன்னு எல்லார் முன்னாலயும் கத்தினேன். அன்னிலேர்ந்து அவர் மூஞ்சியப் பாக்கல. ஆனா, மருந்து பாட்டில்ல எழுதியிருக்கறத ரெண்டு தரம் படிக்காம எனக்கு ஒரு ஸ்பூன் ஊத்தித் தரமாட்டார் அந்த மனுஷன். அவரா கவனிக்கல? அவர் பண்ணியிருந்தா ஜெயிலுக்குப் போகட்டும், நான் திரும்பிப் பாக்க மாட்டேன். பண்ணலன்னா... ஐயோ, பண்ணலன்னா நான் எவ்வளவு பெரிய பாவி! ரெண்டுல எதுன்னு தெரியாம தொண்டைல தண்ணிகூட இறங்க மாட்டேங்குது."

அவள் கண்கள் வறண்டு கிடந்தன. தம்பி இறந்ததிலிருந்து ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்று அவளே சொன்னாள். அழுவதற்கு இடம் விடாமல் உள்ளே கோபம் அடைத்துக்கொண்டு நின்றது.

சர்வேயர் அவள் கைகளைப் பார்த்தார். நகத்தோரங்களில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"நீங்களும் ஒர்க்‌ஷாப்புல வேலை செய்வீங்களோ?"

"ஆமா. பழைய வண்டியப் பிரிச்சா வர்ற சாமானெல்லாம் கழுவி வெக்கறது நான்தான். இன்னும் உபயோகமாகும்னா ஒரு மஞ்சப் புள்ளி வெச்சுத் தொட்டில போடுவேன். தம்பி வந்தான்னா அந்தத் தொட்டியத்தான் கிண்டிக்கிட்டு நிப்பான். ஒரு நாள் நட்டு, ஒரு நாள் மூடி, ஒரு நாள் ஹோஸ் பைப்பு. 'அக்கா கடைல எல்லாமே ஓசி'ன்னு சிரிப்பான்."

சர்வேயர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

*

ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத்தில், நசுங்கிப்போன வண்டி போலீஸ் கட்டிய கயிற்றுக்குள் நின்றது. முதலில் எல்லாரும் வெறும் விபத்து என்றே நினைத்ததால் உறவுக்காரர் இடத்துக்கே இழுத்துவந்து போட்டிருந்தார்கள். மெக்கானிக் எழுதிக் கொடுத்த பிறகுதான் கயிறு வந்தது. இன்ஸ்பெக்டர் சர்வேயருக்குப் பழக்கமானவர். தாராளமாகப் பாருங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

மெக்கானிக் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தாடி மண்டியிருந்தது. மனைவியைக் கண்டதும் எழுந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் மறுபடி உட்கார்ந்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் சர்வேயர். தனக்குத் தெரியாததல்ல, மெக்கானிக் எப்படிச் சொல்கிறார் என்று பார்க்கத்தான் கேட்டார்.

"இந்த இன்ஜின்ல பழசு, புதுசுன்னு ரெண்டு இருக்குங்க. வெளியிலேர்ந்து பாத்தா வித்தியாசமே தெரியாது. பழசுல உள்ள சுத்தற பாகங்களுக்கு நடுவுல இடைவெளி ஜாஸ்தி. கெட்டி ஆயில்தான் அதுல தங்கும். மெல்லிச ஊத்தினா, ஏத்தத்துல இன்ஜின் சூடாகும்போது தண்ணியா ஓடிடும். இரும்பும் இரும்பும் உரசி இறுகிடும். புது இன்ஜினுக்கு இடைவெளி கம்மி, அதுக்கு மெல்லிசுதான் சரி. எதுக்கு எதுன்னு கம்பெனிக்காரனே ஆயில் ஊத்தற மூடி மேல நம்பர் போட்டிருப்பான். அதப் பாத்துத்தான் ஊத்தணும்."

"நீங்க பாக்கலியா?"

"பாக்கல." வார்த்தை சட்டென்று வந்து விழுந்தது. "ஏதோ ஞாபகத்துல கைக்குக் கிடைச்சத எடுத்து ஊத்திட்டேன்."

சர்வேயர் அங்கிருந்த அலமாரியைப் பார்த்தார். இருந்த கேன்கள் எல்லாமே கெட்டி ஆயில். அவசரத்தைக் கூப்பிட்டு, "தெருமுனைல ஆயில் கடை இருக்கே, கொஞ்சம் விசாரிச்சுட்டு வாங்க," என்று காதோடு சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அப்புறம் சர்வேயர் கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். ஆயில் மெல்லியதுதான், நடுவே இரும்புத்தூள் மின்னியது. அதில் சந்தேகமில்லை. ஆயில் மூடியைத் திருகி எடுத்தார். மேலே இருபது, ஐம்பது என்று போட்டிருந்தது. கெட்டி ஆயிலுக்கான நம்பர். பழைய இன்ஜினுக்குச் சரியான நம்பர்.

மூடியைத் திருப்பி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இன்ஜின் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்கக் கறுப்புக் கசடு. மூடியின் உள்பக்கமோ கழுவிக் கவிழ்த்த டம்ளர்போலச் சுத்தமாக இருந்தது. வெளிப்பக்கத்தில் ஓரிடத்தைத் துணியால் அழுத்தித் தேய்த்த தடம். அங்கே இருந்த சின்னப் பள்ளத்தில் துடைக்க முடியாமல் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது.

சர்வேயர் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

அந்த நேரம் பார்த்தா அவசரம் வந்து சேர வேண்டும்!

"அண்ணி, கொலை! சந்தேகமே இல்ல, கொலைதான்! இவர்கிட்ட மெல்லிசு ஆயிலே கிடையாது. அன்னிக்குக் காலைல கடைக்கு நடந்து போய், அதத்தான் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்திருக்கார். கடைக்காரரே, 'உங்க இடத்துக்கு எதுக்குங்க இது'ன்னு கேட்டாராம். கவனிக்காம ஊத்தறவன் கைக்கு எட்டினத ஊத்துவான். எவனாவது கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து கவனிக்காம ஊத்துவானா?"

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். மெதுவாக நடந்து போய்க் கணவனின் சட்டையைப் பிடித்து எழுப்பினாள்.

"வேணும்னேவா?" என்றாள். "சொல்லுங்க. வேணும்னேவா ஊத்தினீங்க? என் தம்பி உங்கள என்ன பண்ணினான்? மாமா மாமான்னு உங்க பின்னாலயே சுத்தினானே, அவன் உங்கள என்ன பண்ணினான்? வாயத் திறந்து சொல்லுங்களேன்!"

அவள் உலுக்கிய உலுக்கலில் சட்டைப் பட்டன் ஒன்று தெறித்து விழுந்தது. மெக்கானிக் தலை குனிந்தபடியே நின்றார்.

"சட்டைய விடுங்கம்மா," என்றார் சர்வேயர். "அவர் கொல்லல. கவனிக்காமலும் ஊத்தல."

"மேடம்," என்றார் மெக்கானிக். "உங்க கால்ல விழறேன். இதோட விட்டுடுங்க. நாளைக்கு நான் உள்ள போயிடறேன். சில வருஷம்தானே. தயவு பண்ணி விட்டுடுங்க."

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். "அம்மா, நான் சொல்லிட்டா அப்புறம் அதக் கேக்காத மாதிரி நீங்க இருக்க முடியாது. வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, நான் கெளம்பறேன்."

"சொல்லுங்க," என்றாள் அவள். "என்னவா இருந்தாலும் சொல்லுங்க. இதவிட என்ன வந்துடப் போகுது?"

எத்தனையோ வண்டிகளின் கதையைச் சொன்னவர் சர்வேயர். இதைச் சொல்ல அவருக்குமே பிடிக்கவில்லை.

"ஒருத்தர் தன்கிட்ட இல்லாத ஆயில கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து ஊத்தறார்னா, ஒண்ணு, அவர் கெடுதல் நினைக்கணும். இல்லன்னா, இதுதான் சரியான ஆயில்னு அவர்கிட்ட ஏதோ சொல்லியிருக்கணும். எதையும் படிக்காம ஊத்தாத மனுஷர்னு நீங்களே சொன்னீங்க. அப்போ அவர் எதப் படிச்சார்?"

"மூடிய!" என்றார் அவசரம். "ஆனா மூடில கெட்டி ஆயில் நம்பர்தானே அண்ணி இருக்கு?"

"இப்ப இருக்கு. இந்த மூடியோட உள்பக்கத்தப் பாருங்க. மலை ஏறின இன்ஜின் மேல இது இருந்திருந்தா கசடு அப்பியிருக்கும். ஒரு பொட்டு இல்ல. இன்ஜின் செத்ததுக்கு அப்புறம் யாரோ இத மாட்டியிருக்காங்க. வண்டி இங்கதான் நின்னுச்சு. கயிறு கட்டறதுக்கு முன்னால இதத் தொட்டவர் இவர் ஒருத்தர்தான்."

"தப்பிக்கறதுக்கா?"

"எங்க தப்பிச்சார்? இந்த மூடி இருக்கறதாலதான் அவர் மாட்டிக்கிட்டார். சரியான நம்பர் கண்ணு முன்னால இருந்தும் பாக்காம ஊத்தினார்னு ஆயிடுச்சு. விபத்து நடந்தப்ப இருந்த மூடியே இருந்திருந்தா, அதுல போட்டிருந்தபடிதானே ஊத்தினார்னு இன்ஸ்பெக்டரே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். தன்னை விடுதலை பண்ணக்கூடிய சாட்சிய எடுத்து ஒளிச்சுட்டு, தன்னை ஜெயிலுக்கு அனுப்பற சாட்சிய மாட்டி வெச்சிருக்கார் இவர். கொலைகாரன் எவனும் இப்படிச் செய்ய மாட்டான். யாரையோ காப்பாத்தறவன்தான் செய்வான்."

அவசரம் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க தம்பி வழில எங்கயோ கொஞ்சம் ஆயில் ஊத்திட்டு மூடிய இன்ஜின் மேலயே மறந்து வெச்சிருக்கணும். எங்கயோ விழுந்துடுச்சு. மூடி இல்லாம வண்டி ஓட்ட முடியாதே, வேற ஒண்ணு தேடியிருக்கான். பழைய இன்ஜின், புது இன்ஜின் ரெண்டுக்கும் வாய் ஒரே அளவு. புது இன்ஜினோட மூடி இதுல கச்சிதமா உக்காந்துடுச்சு. இவருக்கு இந்த வண்டி புதுசு. மூடியப் பாத்தார், மெல்லிசுன்னு போட்டிருந்துது, கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தார். எந்த நல்ல மெக்கானிக்கும் அதத்தான் செய்வான். நொறுங்கின இன்ஜினத் திறந்து பாத்தப்பதான் அது பழசுன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கு. மூடி எங்கேர்ந்து வந்துதுங்கறதும் அப்பத்தான்..."

சர்வேயர் அதற்கு மேல் போகவில்லை. போக வேண்டியிருக்கவும் இல்லை. அவள் கணவனின் சட்டையை விட்டு எப்போதோ கையை எடுத்திருந்தாள்.

"அந்த மூடி எங்க?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா," என்றார் மெக்கானிக்.

"எங்கன்னு கேக்கறேன்."

அவர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து அதை எடுத்தார். உள்பக்கம் கறுத்துப் போயிருந்தது. மேலே ஜீரோ, இருபது என்ற நம்பர். அதன் பக்கத்தில் உருண்டையாக ஒரு மஞ்சள் புள்ளி. அவள் வைத்த புள்ளி.

"முந்தின நாள் சாயந்திரம் வந்தான்," என்றாள் அவள், யாரிடமோ சொல்வதுபோல. "'அக்கா, மூடியத் தொலைச்சுட்டேன், மாமாகிட்ட சொன்னா திட்டுவார், சத்தம் போடாம ஒண்ணு குடு'ன்னான். நான்தான் தொட்டிலேர்ந்து எடுத்தேன். வாய் பொருந்துதான்னு பாத்தேன். பொருந்துச்சு. நம்பரெல்லாம் யார் பாத்தா? நானே திருகி மூடி விட்டேன். நானே..."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சர்வேயர் பிடிக்கப் போனார். அதற்குள் மெக்கானிக் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டார்.

"இதுக்குத்தான் சொன்னேன் வேண்டாம்னு," என்றார். "நான் உள்ள போனா ஒரு நாள் வெளிய வந்துடுவேன். நீ இதுலேர்ந்து எப்படி வெளிய வருவ? என்னை வெறுத்துக்கிட்டாவது நீ இருப்பன்னு நினைச்சேன்."

"யாரும் தெரிஞ்சு பண்ணல," என்றார் சர்வேயர் மெல்ல. "இது குத்தம் இல்லம்மா, விபத்து. இந்த ரெண்டு மூடியையும் நானே இன்ஸ்பெக்டர்கிட்ட கொண்டுபோய் விளக்கறேன்."

"நாளைக்குக் கோர்ட்டுல நான் பேசறேன்," என்றாள் அவள். "நான்தான் குடுத்தேன்னு என் வாயால சொல்றேன். நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"சரி."

"அவன் என் தம்பி. என் கை பட்டதாவே இருக்கட்டும், அதையும் நான்தானே சுமக்கணும்? அத என்கிட்டேர்ந்து பிடுங்கி உங்ககிட்ட வெச்சுக்கிட்டா நான் எப்படி அழறது? ஒரு வாரமா எனக்கு அழுகையே வரலியே, தெரியுமா உங்களுக்கு? உங்களத் திட்டிக்கிட்டே இருந்தேன். என் பக்கத்துல உக்காந்து அழ வேண்டிய ஒரே ஆள நானே துரத்திட்டு, தனியா உக்காந்து திட்டிக்கிட்டு இருந்தேன். என்னைக் காப்பாத்தறேன்னு இனிமே என்னை இப்படித் தனியா விட்டுடாதீங்க. எந்தக் காரணத்துக்கும் விட்டுடாதீங்க."

முதல் முறையாக, தம்பியின் செல்லப் பெயரைச் சொல்லி, ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கும்படி அவள் அழுதாள். மெக்கானிக்கும் அழுதார். அவசரம் எதுவோ கேட்க வாயெடுத்தார். சர்வேயர் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்து, ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டார்.