சவரி என்ற தொகுதி கிடைக்கவில்லை

காலை ஆறு மணிக்கு ஏழாம் நிலவறைக்குக் காற்று விடுவது பெனிட்டாவின் வேலை. மேலே வெயிலில் மனிதன் நிற்க முடியாமல் போய் முப்பது வருஷமாகிறது. கட்டளைத் திரையில் ஒரே ஒரு வரியைத் தட்டினால் பைத்தான் நிரல் எழுந்து விசிறிகளைச் சுழற்றும். இன்று எழவில்லை.

'சவரி என்ற தொகுதி கிடைக்கவில்லை' என்றது திரை.

சவரிமுத்து அவள் கணவன். அந்த நிரலில் காற்றை அளக்கும் தொகுதியை எழுதியவன். இப்போது, இரவில் மட்டும் நடக்கும் கடல்சுவர் வேலைக்குப் போயிருக்கிறான். எழுதியவர் பெயரையே தொகுதிக்கும் வைக்கவேண்டும் என்பது சட்டம்.

தப்பான கோப்புறையில் நிற்கிறோமோ என்று பார்த்தாள். இல்லை. மெய்நிகர் சூழலை அணைத்து மறுபடி இயக்கினாள். பைத்தான் பதிப்பும் சரியாகவே இருந்தது. நிரல் களஞ்சியத்திலிருந்து திரும்ப நிறுவலாம் என்று போனால், அங்கேயும் அந்தப் பெயர் இல்லை.

"துரைக்கண்ணு அண்ணே, யாரோ அழிச்சிட்டாங்க போலிருக்கே!"

பக்கத்து மேசையில் இருந்த துரைக்கண்ணு தலையைத் தூக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழிப்புச் சட்டம் நினைவுக்கு வந்தது.

செத்தவர்களின் எழுத்தை வைத்து, அவர்களைப் போலவே பேசும் போலிகளைச் செய்து விற்ற காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்க அழிப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒருவர் இறந்த கணமே அவர் எழுதியதெல்லாம் எல்லா இயந்திரங்களிலிருந்தும் போய்விடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். வீட்டாருக்குத் தகவல் வர இரண்டு நாள் ஆகும். அழிப்பு மட்டும் ஒருநாளும் சுணங்கியதில்லை.

"அவரு போயிட்டாராண்ணே?"

"அழுவுறதுக்கு அப்புறம் நேரமிருக்கு தாயி. உள்ள நானூறு பேரு. நாப்பது நிமிஷத்துக்குத்தான் காத்து இருக்கு. நீயே எழுதிடும்மா."

அவனுடைய நிரல் அவளுக்கு மனப்பாடம். அப்படியே எழுதிச் சேமித்தாள். சேமித்ததும் காணாமல் போனது. வரிகளை முன்பின்னாக மாற்றி எழுதினாள். அதுவும் போனது.

"அழிப்பான் எழுதுற நடையைப் பாக்குது பெனிட்டா. அவரு மாதிரி எழுதாத."

அவளுக்கு வேறு எப்படி எழுதத் தெரியும்? நாலு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து அவனிடம் கற்றவள். அவன் காற்றின் ஈரத்தை முதலில் அளப்பான். அவள் கடைசியில் அளந்தாள். மூன்றே வரியில் முடிப்பான். அவள் முப்பது வரிக்கு இழுத்தாள். அவனுக்குப் பிடிக்காததையெல்லாம் தேடித் தேடிச் செய்தாள்.

ஆறு முப்பத்தெட்டுக்கு விசிறிகள் சுழன்றன.

"இனிமே நான் எதை எழுதினாலும் அவரு இல்லாமத்தான் எழுதணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, பெனிட்டா வாய்விட்டு அழுதாள்.