கண்ணாடி கழற்றிய வீடு

காய்ந்த இலைகள் வீட்டுக்குள் வரவில்லை. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்க இருந்த கண்ணாடிச் சுவரைக் காலையிலேயே கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். வெறும் இரும்புச் சட்டம்தான் மிச்சம். ஆனாலும் தோட்டத்துக் காற்றில் உருண்டு வந்த இலைகள் சட்டத்தின் விளிம்பில் கோடு போட்டாற்போல் நின்றுவிட்டன. அவள் முகத்திலும் காற்று படவில்லை.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். இருட்டுவதற்குள் இடிக்க ஆரம்பிக்க வேண்டும் என்று அவர் அவசரப்படுத்தியிருந்தார்.

அப்பா வரைந்து, அப்பாவே நின்று கட்டிய வீடு. ஓட்டு வீடுகளுக்கு நடுவே தட்டைக் கூரையும் வெள்ளைக் கான்கிரீட்டுமாக இது எழுந்தபோது, செருப்புப் பெட்டி என்று தெருவே சிரித்தது. பிறகு கட்டடக்கலை மாணவர்கள் பஸ் பிடித்து வந்து படமெடுத்தார்கள். அப்பாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. உள்ளே எந்த அறைக்கும் கதவு கிடையாது. ஒளிவுமறைவு இல்லாத வீடு என்பார். அழுவதற்குக்கூட ஒரு மூலையில்லாமல் அவள் வளர்ந்தாள். அம்மா போனாள், கூரை ஒழுகியது, பார்க்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, அவளைவிட ஒரு சாண் உயரமான அப்பா இந்தக் கண்ணாடியோரம் நின்றபடி, "இந்த வீடு நிக்கிற வரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேம்மா" என்றார். அவர் இங்கேயே கண்மூடிய பின் அவள் தனியாகவே காலம் தள்ளினாள். எட்டிப் பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை. தனிமை தாங்காமல்தான் விற்றாள்.

வெளியே போகக் கால் எடுத்து வைத்தாள். நெற்றி எதிலோ இடித்தது. சில்லென்று, வழவழவென்று. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தடவிக்கொண்டே போனாள், சட்டம் முடியும்வரை அது இருந்தது. வாசலுக்கு ஓடினாள். கதவையும் பெயர்த்திருந்தார்கள். அங்கேயும் அதே சில்லிப்பு.

திரும்பி ஓடி வந்தாள். தோட்டத்திலிருந்து மேஸ்திரி நேராக அவளையே பார்த்தார். கத்தினாள். இரண்டு கையாலும் அறைந்தாள். ஓசையே எழவில்லை. அவர் பார்வை அவளைத் தாண்டிக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அம்மா போயிட்டாங்க போல. நீ ஆரம்பிப்பா."

புல்டோசர் உறுமியது. தரை அதிர்ந்தது.

இல்லாத அந்தக் கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள். "நான் இங்கேதான் இருக்கேன்." வெறுங்காற்றில் அவள் மூச்சு பட்டு, வெள்ளையாக ஒரு வட்டம் படர்ந்தது. மெல்லக் கரைந்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அதற்கு ஒரு சாண் மேலே, இன்னொரு வட்டம் படர்ந்தது.